நான்கு நிமிடம் இருபது வினாடி

இந்தக் கதையைப் பதினான்கு வருடங்களாக நான் நம்பவில்லை. அதை எழுதியவன் நான்தான் என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். ஒரு சமுதாய வானொலியின் ஆண்டறிக்கையில், சாம்பல் நிறக் கட்டத்துக்குள், மூன்று வாக்கியங்களாக அது அச்சாகியிருக்கிறது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி எங்கள் வானொலியில் தன் கேள்விக்கான பதிலைக் கேட்டாள். அம்மாவை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனாள். இப்போது நலமாக இருக்கிறாள். இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருக்கலாம். மூன்றாவதும் உண்மையாக இருக்கலாம், இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத நாளில்லை. முதல் வாக்கியம் உண்மையாக இருக்க வழியே இல்லை. அந்தப் பதில் ஒலிபரப்பாகவில்லை. ஆகாமல் பார்த்துக்கொண்டவன் நான். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் இரும்பு பெஞ்சில், முப்பத்தெட்டாம் எண் டோக்கனைக் கசக்கிக்கொண்டு இப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன், அல்லது வெறும் பிரஷர் மாத்திரைக்காக உட்கார்ந்திருக்கும் மனிதனாக இருப்பேன். இப்போது இருபத்தொன்று ஓடுகிறது. அந்தக் கதையை எனக்குச் சொன்னவள் அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால்தான் இருக்கிறாள், வருகிறவர் கையிலெல்லாம் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டு.

போன மாதம் அந்தத் திரையை விலக்கி உள்ளே போனபோது எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவள்தான் என் சீட்டில் பெயரைப் படித்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தாள். “அருமைநாயகம் சாரா? ரேடியோ சாரா?” நான் விழித்தேன். “என்ன சார், மறந்துட்டீங்களா? ஜெனோவா. சங்குமேடு.” பதினேழு வயதில் பார்த்தவள், முப்பத்தொரு வயதில் செவிலியர் உடுப்போடு உட்கார்ந்திருக்கிறாள், மாற்றலாகி வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது என்கிறாள், என் கையைப் பிடித்துச் சட்டையை மேலே சுருட்டுகிறாள். “நூத்தி அறுபது. உப்பைக் குறைங்க சார்,” என்றவள், தானே சிரித்துவிட்டாள். “உப்பளத்துல ரேடியோ நடத்தினவருக்கு உப்பு ஆகாதாம். நம்ம ஊருல சொன்னா கைகொட்டிச் சிரிப்பாங்க.” நானும் சிரித்தேன். அப்போதே கேட்டிருக்கலாம். பின்னால் ஆட்கள் நின்றார்கள் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன், ஆனால் இங்கே பின்னால் எப்போதும் ஆட்கள் நிற்பார்கள், அது தெரிந்துதான் சொல்லிக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தாள். ஒரு மாதம் அவகாசம் கிடைத்தது என்று எனக்குத் தோன்றியது. ஐம்பத்தைந்து வயதில் ஒரு மனிதனுக்கு இப்படியெல்லாம் தோன்றுமா, முப்பது நாள் அவகாசம் என்று, பரீட்சைக்குப் படிக்காத பையனைப் போல.

சங்குமேடு பத்து மைல் சுற்றளவுக்கு மரமில்லாத ஊர். பாத்தி பாத்தியாக உப்பு. பகல் பதினொரு மணிக்கு மேல் கண்ணைத் திறந்து பார்க்க முடியாது. பெண்கள் காலுறை போட்டுக்கொண்டு உப்புக் கொத்துவார்கள், போட்டாலும் பாதம் வெடிக்கும். ஒரு தொண்டு நிறுவனம் அங்கே சிறிய வானொலி நிலையம் வைத்தது, நான் அதன் பொறுப்பாளன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒன்பது பேர் வந்து சேர்ந்தார்கள். முதல் மாதம் கோலம், சமையல் குறிப்பு என்று எதையோ பதிவு செய்தார்கள். இரண்டாவது மாதம் ஜெனோவா ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கி, உப்புக் கொத்தும் அக்காமார்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வந்தாள்: தூரமான நாளில் இந்த வெட்டவெளியில் துணி எங்கே மாற்றுகிறீர்கள்? காற்று இரையாமலிருக்க மைக்குக்குக் காலுறை மாட்டியிருந்தாள். பதினாலு பேர் பேசியிருந்தார்கள். அதில் ஒருத்தி, “மாத்துறதா? வீட்டுக்குப் போயிதான் தாயி, அதுவரைக்கும் உப்புத்தண்ணி படாம நடக்கணும், பட்டா எரிஞ்சே செத்துருவோம்,” என்று சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. அதிலிருந்து தொடங்கியதுதான் வியாழக்கிழமை ஐந்தரை மணி நிகழ்ச்சி. ‘சும்மா கேளுட்டி’ என்று அவர்களே பேர் வைத்தார்கள். வயதுக்கு வருவது, மாதவிலக்கு, வெள்ளைப்படுதல், கல்யாண வயது, தொட வேண்டாம் என்று சொன்னால் தொடக் கூடாது என்பது வரைக்கும், ஒருவரும் பேசாத எல்லாவற்றையும் ஒன்பது பிள்ளைகள் பேசினார்கள். என் மகள் பெனிட்டாவுக்கு அப்போது பதின்மூன்று. ஒரு நாள் சாப்பிடும்போது, “அப்பா, இதெல்லாம் ரேடியோலதான் பேசுவீங்களா, வீட்டுல பேச மாட்டீங்களா?” என்று கேட்டாள். என் மனைவி குழம்பு ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான், அப்பளம் இருக்கா என்று கேட்டேன். இருபத்தி நாலு, இருபத்தி நாலு யாரு, வரலையா, இருபத்தஞ்சு வாங்க.

அவர்களுக்கென்று சில சட்டங்கள் இருந்தன. தையல் வகுப்பில் ஒரு நெய் டின், மூடியில் ஓட்டை போட்டது, அதுதான் கேள்விப் பெட்டி. தையல் வகுப்புக்கு எந்தப் பெண் போனாலும் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள், அதனால் அங்கே. பெட்டியைத் திறக்கிறவள் ஒருத்தி மட்டும், வாரம் ஒருத்தி. அவள் சீட்டுகளைத் தன் கையெழுத்தில் திருப்பி எழுதிவிட்டு மூலச் சீட்டைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துவிட வேண்டும். கையெழுத்து யாருடையது என்று தெரிந்தாலும் செத்தாலும் சொல்லக் கூடாது. கேள்வியை வேறு தெருக்காரி படிக்க வேண்டும். பதிலைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் போனில் வாசித்துக் காட்டிய பிறகுதான் பதிவு செய்ய வேண்டும். கடைசிச் சட்டம் எனக்கானது. எதிரொலிக்காமல் இருக்க முட்டைத் தட்டு ஒட்டிய சுவரில், கம்ப்யூட்டருக்கு நேர் மேலே, சுயம்புகனி என்ற பிள்ளை பச்சை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தாள்: ‘சார் சத்தத்தை வெட்டலாம். பேச்சை வெட்டக் கூடாது.’ இருமல், நாற்காலி நகர்வது, நாய் குரைப்பது, காற்று, இவ்வளவுதான் என் அதிகாரம். எனக்கு அது பிடித்திருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அந்தத் தாளைக் காட்டி, பாருங்கள், இங்கே நான் வெறும் வேலைக்காரன் என்று பெருமையாகச் சொல்வேன். பெருமையாகச் சொல்கிற எதையும் மனிதன் ஒரு நாள் மீறுவான் போலிருக்கிறது, இல்லை, இது பொதுவாகச் சொல்லித் தப்பிக்கிற பேச்சு, மனிதன் அல்ல, நான்.

அந்த வாரம் பெட்டியைத் திறந்தவள் ஜெனோவா. கேள்வியைப் படித்தவள் சுயம்புகனி. எனக்கு அது மனப்பாடம், பல் விளக்கும்போதுகூடச் சொல்வேன். “எனக்கு வயசு பதினாறு. மாசத்துல இருபது நாளு போகுது. ஆறு மாசமா இப்படித்தான். நாலு படி ஏறினா கண்ணு இருட்டுது. பச்சரிசியா தின்னுட்டே இருக்கேன். அம்மாட்ட சொன்னேன், கல்யாணம் ஆனா சரியாயிரும்னு சொல்லுதாங்க. மாப்பிள்ளை பாத்துட்டாங்க. நெசமாவே சரியாயிருமா?” அதற்கு ஜெனோவா பதில் சொன்னாள். தாளைப் பார்க்காமல் பேசினாள், நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன். “ஏட்டி, நீ யாருன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மாசம் இருபது நாளு போறது சாதாரணம் இல்ல. உன் உடம்புல ரத்தம் குறைஞ்சிருக்கு, அதான் கண்ணு இருட்டுது, அதான் அரிசி திங்கத் தோணுது. இதுக்கு வைத்தியம் இருக்கு. கல்யாணம் வைத்தியம் இல்ல. பதினெட்டுக்கு முன்னால கல்யாணமே கிடையாது. திங்கக்கிழமை காலையில பெரியாஸ்பத்திரில லேடி டாக்டர் இருப்பாங்க. அம்மாவைக் கூட்டிட்டுப் போ. அம்மா வரலன்னா டீச்சரைக் கூட்டிட்டுப் போ. ஒருத்தரும் வரலன்னா தையல் கிளாஸுக்கு வா, நான் கூட வாரேன். வெக்கப்பட்டுச் செத்துராத.” கேள்வியும் பதிலும் நடுவில் அவர்கள் விளக்கியதும் சேர்த்து நான்கு நிமிடம் இருபது வினாடி. வெளியே வந்து, “சார், கடைசில கொஞ்சம் கத்திட்டேனோ?” என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்கு முன்பும் பிறகும் அந்த அறையில் அப்படி ஒரு குரல் பதிவாகவில்லை.

மறுநாள் புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு லிங்கத்துரை வந்தார், ஊர்க்கமிட்டித் தலைவர். கோபமாக வந்திருந்தால் நான் எதிர்த்து நின்றிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன், நிஜமாக நின்றிருப்பேனா தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டேதான் வந்தார். “உங்க மேல குத்தம் சொல்ல வரல சார். பிள்ளைக பேசுது, பேசட்டும். ஆனா கேளுட்டின்னா சார் ஒரு நிகழ்ச்சிக்குப் பேரு? ஏட்டி போட்டுக் கூப்பிட நாங்க என்ன ரேடியோவுக்குக் கட்டியா குடுத்திருக்கோம் பொண்ணுகள?” நானும் சிரித்தேன், எப்போதும் சிரித்துவிடுகிறேன், அதுதான் என் வியாதி. டீ வாங்கிவரச் சொன்னேன். குடித்துக்கொண்டே, “இந்த மாசம் ஊருல ரெண்டு கல்யாணம் பேசியிருக்கு. நல்ல காரியம். நடுவுல எதாவது காதுல விழுந்து நின்னு போச்சுன்னா மனஸ்தாபம். டவர் ஊர் நிலத்துல நிக்குது பாருங்க, அதான் ஒரு எட்டு சொல்லிட்டுப் போவோம்னு,” என்றார். குடித்த டம்ளரை அவரே குழாயில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். அந்தக் கவிழ்த்து வைத்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கல்யாணம் என்றால் இரண்டு பெண்கள். மாப்பிள்ளை பாத்துட்டாங்க என்று சுயம்புகனி படித்தவுடன் ஊர் முழுக்க இரண்டில் எவள் என்று விரல் விட்டுப் பார்க்கும். அந்தப் பிள்ளையின் மானம் போகும். அவளைக் காப்பாற்றவே வெட்டினேன். இதை நான் அன்று நம்பினேன். இன்றைக்கும் பாதி நம்புகிறேன், அதுதான் தொந்தரவு. முழுக்கப் பொய்யாக இருந்தால் எப்போதோ தூக்கி எறிந்திருப்பேன். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டியிருக்கலாமே. மாப்பிள்ளை பற்றிய வரியை எடுத்துவிட்டு, ரத்தம், ஆஸ்பத்திரி, திங்கக்கிழமை, லேடி டாக்டர், இவற்றை விட்டுவைத்திருக்கலாமே. பிள்ளைகளை ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே, அவர்கள் ஐந்து நிமிடத்தில் மாற்றிப் பேசியிருப்பார்கள். எனக்கு இதெல்லாம் அன்றைக்குத் தோன்றவில்லையா, அல்லது தோன்றியும் டவர் நினைவுக்கு வந்ததா. கம்ப்யூட்டர் திரையில் பேச்சு மீன் முள் மாதிரி நீளமாகப் படுத்திருக்கும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை நிழல் பூசினேன். ஒரு பொத்தான். முள்ளின் இரண்டு துண்டும் வந்து ஒட்டிக்கொண்டன. மேலே பச்சை மையில் எழுதியிருந்த தாளை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்க்காமல் இருந்தது நன்றாக நினைவிருக்கிறது. இடைவெளியை நிரப்ப வேண்டியிருந்தது. கடல் நிலவரம் இரண்டு நிமிடம் பத்து வினாடி. அதை இரண்டு முறை வைத்தேன்.

இங்கே பக்கத்தில், எனக்கு முன்பே டோக்கன் வாங்கி வெளியே நின்றிருந்த ஒரு அம்மாவும் பெண்ணும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்ணுக்குப் பதினைந்து இருக்கும், பள்ளிச் சீருடை, மடியில் பையை வயிற்றோடு அழுத்திப் பிடித்திருக்கிறாள். அம்மா, “நிமிந்து உக்காரு, எல்லாரும் பாக்குதாங்க,” என்கிறாள். யாரும் பார்க்கவில்லை, நான் பார்க்கிறேன், அதனால் பார்வையைச் சுவரில் இருக்கும் டெங்குக் கொசுவின் மீது வைக்கிறேன். அன்று வியாழக்கிழமை ஐந்தரை மணிக்கு அந்தக் கேள்வியை எழுதியவள் எங்கே உட்கார்ந்து கேட்டிருப்பாள். அடுப்படியில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில், ரேடியோவைச் சின்னதாக வைத்துக்கொண்டு. சீட்டுப் போட்ட நாளிலிருந்து காத்திருந்திருப்பாள். இதோ வரும், இந்தக் கேள்விக்கு அடுத்தது என்னுடையது. மன்னார் வளைகுடாப் பகுதியில் காற்று மணிக்கு நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும், அலைகள் இரண்டு மீட்டர் உயரம் வரை எழும்பக்கூடும், மீனவர்கள் ஆழ்கடலுக்குச் செல்ல வேண்டாம். சரி, இது முடியட்டும். மன்னார் வளைகுடாப் பகுதியில் காற்று. மறுபடியும் அதே. பிறகு நன்றி வணக்கம். அவள் என்ன நினைத்திருப்பாள்? தன் கேள்வி அவ்வளவு அசிங்கம், ரேடியோவில்கூட வாயில் எடுக்க முடியாத அசிங்கம் என்று நினைத்திருப்பாள். பதினான்கு வருடத்தில் நான் அந்த அடுப்படியை எத்தனை முறை கட்டிவிட்டேன், அவள் முகத்தை மட்டும் கட்ட முடிந்ததில்லை, முகம் வரும் இடத்தில் எப்போதும் வேறொரு முகம் வருகிறது, அதை இப்போது நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை டீக்கடைக்காரர், “என்ன சார், நேத்து கடல்ல ரெண்டு தடவ காத்தடிச்சுதே,” என்றார். பிள்ளைகள் யாரும் கேட்டிருக்கவில்லை, பக்கத்து ஊர்க் கோயிலில் அன்று கொடியேற்றம், எல்லோரும் அங்கே. ஜெனோவா தூத்துக்குடியில் சித்தி வீட்டில், அவ்வளவு தூரம் எங்கள் அலை எட்டாது. சுயம்புகனி வந்து, “நான் படிச்சது வந்துச்சா சார்?” என்றாள். வந்தது என்றேன். ஒரு சொல். அதைச் சொல்லிவிட்ட பிறகு மற்றதெல்லாம் சறுக்குமரம்.

பத்து நாள் கழித்து ஜெனோவாவிடம் நான்தான் போய் நின்றேன். ஆண்டறிக்கைக்கு ஒரு சம்பவம் வேண்டும், நிகழ்ச்சியால் யாருக்காவது ஏதாவது மாற்றம் நடந்ததா என்று கேட்டேன். கையில் நோட்டும் பேனாவும் இருந்தன. எந்த வாயால் கேட்டேன் என்று இப்போது வியப்பாக இருக்கிறது. அவள் ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள். “அந்த இருபது நாளு பிள்ளை இருக்குல்லா சார்? ரேடியோவைக் கேட்டுட்டு அம்மாவைக் கூட்டிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கா. ரத்தம் ஏத்தினாங்களாம். இப்ப நல்லா இருக்கா. எழுதிக்கோங்க.” எழுதிக்கொண்டேன். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கையெழுத்துச் சட்டத்தைச் சொல்வாள் என்று சமாதானம் வைத்திருந்தேன். உண்மையில், எப்படி என்று கேட்டால் அடுத்தது, எதைக் கேட்டாள் என்பதில் போய் நிற்கும், அதற்கு நான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு அப்படி ஒரு விசித்திரம், அதைக் கேட்பதும் ஒப்புக்கொள்வதும் ஒன்று. எழுதிக்கோங்க என்றாளே, அந்தச் சொல்லை நான் எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். கள்ளமில்லாமல் சொன்னாளா? எல்லாம் தெரிந்து, இவர் முகம் எப்படிப் போகிறது பார்ப்போம் என்று சொன்னாளா? பேனாவோடு வந்து நிற்கிற மனிதருக்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்து அனுப்புவோம் என்றா? நடுவில் ஒரு நாள் டீக்கடைக்காரர் அவளிடமும் அந்தக் காற்று நகைச்சுவையைச் சொல்லியிருந்தால்? அவளே அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருந்தால், சட்டத்தை அவள் அந்தப் பக்கம் மீறியிருந்தால், நான் இந்தப் பக்கம் மீறியதற்குப் பதிலாக? அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஆசைப்பட்டே அதை நான் பாதி நடந்ததாகவே ஆக்கிவிட்டேன்.

முப்பத்தொன்று. அறிக்கை போய்ச் சேர்ந்தது, சென்னையில் ஒரு கூட்டத்தில் அந்தக் கட்டத்தை ஒரு அம்மாள் உரக்க வாசித்தார், கைதட்டினார்கள், நிலையத்துக்கு இன்னும் இரண்டு வருடம் ஆயுள் கிடைத்தது. ஊருக்குத் திரும்பி உப்பள விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், எதிர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலி. பள்ளி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள், இரட்டைச் சடை, ரிப்பன், ஒரு பக்கம் சற்றுத் தூக்கிய புருவம். சுடலைவடிவு, வயது பதினாறு. பசை இன்னும் காயவில்லை. டீக்கடையில் கேட்டேன், “மஞ்சக்காமாலைன்னு சொல்லுதாங்க சார்.” அந்தச் ‘சொல்லுதாங்க’வைப் பிடித்துக்கொண்டு பதினான்கு வருடம் தொங்கிக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் காமாலையாக இருக்கலாம். வருடத்துக்கு இரண்டு பேராவது காமாலையில் போகிற ஊர்தான் அது. ரத்தமில்லாமல் வெளுத்தவளையும் ஊர் காமாலை என்று சொல்லலாம். அந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. அந்த வாரம் ஜெனோவா பதிவுக்கு வந்தாள், எப்போதும் போல இருந்தாள், அல்லது நான் அப்படிப் பார்க்க விரும்பினேன். “சார், பெட்டி காலியா இருக்கு,” என்றாள். அடுத்த வாரமும் காலி. அதற்கடுத்த வாரமும். பரீட்சை நேரம், பிள்ளைகள் படிப்பார்கள் என்றேன். “ஆமா சார், படிப்பாங்க,” என்றாள். அவ்வளவு நேராக என்னைப் பார்த்துச் சொன்னாளா, நினைவு பிறகு அப்படித் திருத்திக்கொண்டதா. நான் அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டேன். மனைவியிடம் சம்பளம் போதவில்லை என்று சொன்னேன்.

முப்பத்தேழு அந்தச் சீருடைப் பெண்ணுடையது. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரைக்குள் போகிறாள், உள்ளிருந்து, “சும்மா வயித்து வலிதான் சிஸ்டர், வேற ஒண்ணுமில்ல, ஒரு ஊசி போட்டா சரியாயிரும்,” என்கிற குரல். ஜெனோவாவின் குரல் அதற்கு மேல் வருகிறது, உயராமல், ஆனால் நகராமல். “வலி உங்களுக்கா, அவளுக்கா?” “அவளுக்குத்தான்.” “அப்ப அவ சொல்லட்டும். நீங்க அஞ்சு நிமிஷம் வெளிய இருங்கம்மா.” “அவளுக்கு என்ன தெரியும்?” “வலி தெரியும்லா? அது போதும்.” அம்மா வெளியே வந்து என் பக்கத்தில் உட்காருகிறாள், முகம் சிவந்திருக்கிறது. “நல்லா இருக்கு கதை. பெத்தவ வெளிய, பிள்ளை உள்ள. நான் இல்லாம என்னத்தச் சொல்லப் போறா? நீங்களே சொல்லுங்க சார்.” நான் வழக்கம்போலத் தலையை மட்டும் ஒரு மாதிரி ஆட்டினேன், ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், என் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு தலையாட்டலில் ஓடியிருக்கிறது. திரைக்குப் பின்னால் முணுமுணுப்பு. முதலில் ஜெனோவாவின் குரல் மட்டும், பிறகு இடைவெளி, பிறகு மெல்லியதாக இன்னொரு குரல், அது நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டாம். அங்கே எவனும் நிழல் பூசிப் பொத்தானை அழுத்த முடியாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும், ஏனோ கண்ணில் நீர் வந்துவிட்டது, கொசுப் படத்தைப் பார்த்துக்கொண்டு அழுகிற கிழவனை எல்லோரும் பார்க்கிறார்கள், உண்மையில் யாரும் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் என்றவள் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டாள். வரிசையில் ஒருவர், “உள்ள என்ன பிரசவமா பாக்குதாங்க?” என்றார், இரண்டு பேர் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய காரியமாகப் பட்டது. அந்தப் பெண் வெளியே வந்தாள், கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. “என்னட்டி கேட்டாங்க? நீ என்ன சொன்ன?” “கேட்டதுக்குப் பதில் சொன்னேன்மா. நாளைக்கு ஸ்கேனுக்கு வரச் சொன்னாங்க. நீயும் வா.” அம்மா சீட்டை வாங்கிப் பார்க்கிறாள், இரண்டு பேரும் படியிறங்குகிறார்கள், மகள் முன்னால், அம்மா பின்னால்.

முப்பத்தெட்டு. எழுந்தபோது கால் மரத்திருந்தது. ஜெனோவா குனிந்து எதையோ எழுதிக்கொண்டே, “உக்காருங்க சார். மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா, இல்ல ரேடியோக்காரர் மாதிரி ஏதாச்சும் கதை சொல்லப் போறீங்களா?” என்றாள். போட்டேன் என்றேன். பட்டையைச் சுற்றினாள். நான் வாயெடுத்தேன். “பேசாதீங்க சார். பேசினா ஏறிக் காட்டும்.” சரி என்று மூடிக்கொண்டேன். பட்டை இறுகியது, என் நாடி என் காதிலேயே கேட்டது. இப்போது பேசாமல் இருக்க எனக்கு ஒரு செவிலியரின் உத்தரவே இருக்கிறது, இதைவிட நல்ல காரணம் இனிமேல் கிடைக்காது, மாத்திரையை வாங்கிக்கொண்டு இன்னொரு முப்பது நாள் போய்விடலாம், இவளும் இன்னொரு ஊருக்கு மாற்றலாகிப் போவாள். சுடலைவடிவு என்ற பெயரைச் சொல்லி ஆரம்பிக்கலாமா? வேண்டாம், அது இவளிடமிருந்து பதிலைப் பிடுங்குகிற தந்திரம். செய்ததைச் சொல்ல வேண்டும், பிறகு கேட்க வேண்டும், அந்த வரிசையில்தான். காற்று சீறிக்கொண்டு இறங்கியது. ஜெனோவா எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பட்டையைக் கழற்றாமல் அப்படியே கையை என் கை மேல் வைத்துக்கொண்டாள். “நூத்தி எழுபத்தெட்டு சார். வெளிய உக்காந்து அப்படி என்னத்த நினைச்சுக்கிட்டு இருந்தீங்க?”

“ஜெனோவா,” என்றேன், “அந்த இருபது நாள் பிள்ளையோட கேள்வியும் நீ சொன்ன பதிலும் ரேடியோல வரல, முந்தின நாளே நான் வெட்டிட்டேன், அதுக்குப் பதிலா கடல் நிலவரத்தைப் போட்டேன். அப்ப அந்தப் பிள்ளை எதைக் கேட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாம்மா?”